எல்லைக்கோட்டு நவரத்தினம்

நவரத்தினத்துக்கு அந்தக் கல்லூரியில் பிள்ளை கிடையாது. பெறாமகன், மருமகன், ஒன்றுவிட்ட சொந்தம், பக்கத்து வீட்டுப் பழக்கம் என்று எவரும் கிடையாது. ஆனாலும் குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் அதன் முதல் பதினொருவர் எங்கே பந்து உதைத்தாலும், எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி, கறுப்புக் குடையும் தேநீர்ப் பிளாஸ்குமாக அவர் நிற்பார். மழை பெய்தால் குடையைப் பிடிப்பார். பெய்யாவிட்டால் அதே குடையை நீட்டி ஆட்டக்காரர்களுக்கு வழி காட்டுவார்.

கல்லூரி இருப்பது மவுண்ட் ரோஸ்கில்லில். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பழைய மாணவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அவர்களுக்கு வேறு வேலையும் இல்லை. நியூசிலாந்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். புட்போல் என்று சொன்னால் பாதிப் பேர் ரக்பி என்று நினைப்பார்கள். இதை நவரத்தினம் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. "காலால உதைக்கிறதுதான் புட்போல். கையில தூக்கிக்கொண்டு ஓடுறதுக்குப் பேர் களவு" என்பார்.

யாழ்ப்பாணத்தில் அவர் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி தமிழில் சொன்னதை நீதவானுக்கு ஆங்கிலத்தில் சொல்வார். சாட்சி இருமினால் அந்த இருமலைக்கூட விடமாட்டார் என்று பெயர் வாங்கியவர். இருபத்திரண்டு வருடம் வாயால் பிழைத்த மனிதனை ஆக்லாந்து கொண்டுவந்து பஸ் ஓட்ட வைத்தது. ஒனிஹங்காவிலிருந்து நகரத்துக்கு, நகரத்திலிருந்து ஒனிஹங்காவுக்கு. சாரதியோடு கதைக்க வேண்டாம் என்று தலைக்குமேல் ஒட்டியிருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் அடைத்து வைத்த பேச்சு சனிக்கிழமை அணை உடைத்துக்கொண்டு வரும். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

அவரும் மனைவி புஷ்பவதியும் அந்தப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன நாளில்தான் இது தொடங்கியது. வீட்டுக்காரர் குசினி அடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தபோது எங்கோ விசில் ஊதியது. நவரத்தினம் மெல்ல நழுவினார். மிச்ச வீட்டைப் புஷ்பவதி தனியே பார்த்து, தனியே முடிவெடுத்தார். அந்த வீட்டில்தான் இன்றுவரை இருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. ஊர்ச் சங்கத்துக்குப் போனால் பிள்ளைகளின் மார்க்ஸ்தான் பேச்சு. இவர்கள் இருவரும் சோற்றுக் கோப்பையோடு ஓரமாக நிற்பார்கள். எல்லைக்கோட்டில் மட்டும் ஒருவரும் அவரிடம் பிள்ளை எங்கே என்று கேட்டதில்லை. அதை அவர் வெளியே சொன்னதில்லை, ஆனால் அதுதான் காரணம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கல்லூரிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தார். அதுவரை இருந்தவர் ஒரு கிழட்டு ஸ்கொட்லாந்துக்காரர். வாய் திறக்க மாட்டார், பைப் பிடிப்பார், அணி மூன்றாம் இடத்துக்கு வரும். புதியவர் நரேந்திரன், ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர், பௌதிக ஆசிரியர், முப்பத்துநான்கு வயது. அவர் தனியே வரவில்லை. ஓட்டப் பயிற்சிக்கு ஒரு வெள்ளைக்காரப் பொடியன், அணி மனேஜராக ரோஸ்மேரி, இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கிய ஆரஞ்சுக் கூம்புகள், வீடியோக் கமரா என்று படையோடு வந்தார். கூம்புகளை வட்டமாக வைப்பார், சதுரமாக வைப்பார், நட்சத்திரமாகவும் ஒருநாள் வைத்தார்.

"கோலம் போடுறார், கோல் போடேல்லை" என்றார் நவரத்தினம். அந்த ஒரு வசனம் ஒரே வாரத்தில் ஏவன்டேல் சந்தை வரைக்கும் போய்விட்டது.

பதினான்கு ஆட்டம். இரண்டு வெற்றி, ஒன்று சமன், பதினொரு தோல்வி. அந்த இரண்டு வெற்றியில் ஒன்று, எதிரணியின் வான் பழுதாகி அவர்கள் வராமல் போனதால் கிடைத்தது.

சனிக்கிழமைத் தோல்வியை ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் வைத்து அறுப்பார்கள். மரவள்ளிக் கிழங்குக் குவியலுக்கும் முருங்கைக்காய்க் கட்டுக்கும் நடுவில் மூன்று பேர் நிற்பார்கள். நவரத்தினம் ஒருவர். இரண்டாமவர் ஆனந்தராசா, இவருடைய ஊர்ப்பக்கம். மகன் தனோஜன் இடது ஓரத்தில் ஆடுபவன். மூன்றாமவர் மலேசியாக்காரர் அந்தோணிசாமி, மகன் கோல்காப்பாளன், மனைவி மேற்படி ரோஸ்மேரி. ஆகையால் அந்தோணிசாமி எப்போதும் மதில்மேல் பூனை.

"மைதானம் ஈரமாம், அதால தோத்ததாம்" என்றார் நவரத்தினம். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். மற்றப் பக்கத்துப் பெடியள் என்ன காய்ஞ்ச நிலத்திலயோ ஓடினவங்கள்?"

"முதல் வருஷம்தானே அண்ணே, கொஞ்சம் டைம் குடுக்கணும்" என்றார் அந்தோணிசாமி.

"நேரம் குடுக்கலாம். கோல் ஏன் குடுக்க வேணும்? ஒரு மணித்தியாலத்தில அஞ்சு!"

"அதுல ரெண்டு என் மவன் விட்டது. மத்த மூணுக்கு நான் பொறுப்பில்ல" என்று அந்தோணிசாமி நழுவினார்.

நவரத்தினத்தின் கட்சி ஒன்றுதான்: பெடியள் அவசரப்படுகிறார்கள். பந்து காலுக்கு வருமுன்னே உதைக்கிறார்கள். புதியவர் ஓடு ஓடு என்று ஓடச் சொல்லி நிதானத்தைக் கெடுத்துவிட்டார். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும், கோல் ஒன்று விழுந்ததும், எல்லைக்கோட்டிலிருந்து அவர் தொண்டை கிழியக் கத்துவார்: "ஆறுதலா! ஆறுதலா!" யாழ்ப்பாணத்து வாயில் அதற்கு அர்த்தம் மெதுவாக, பதறாமல் என்பது. சாப்பாட்டை ஆறுதலாச் சாப்பிடு என்பார்கள், படியில் ஆறுதலா இறங்கு என்பார்கள். இங்கே வளர்ந்த பெடியளுக்கு அது காதில் ஏறியதாகத் தெரியவில்லை. நரேந்திரன் மட்டும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பார். பார்வையில் என்ன இருந்தது என்று நவரத்தினத்துக்குப் பிடிபடவில்லை. கோபம் என்று எடுத்துக்கொண்டார்.

பருவம் முடிந்த கையோடு அதிபரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆனந்தராசா அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டிலிருந்து ஆட்டங்களின்போது எல்லைக்கோட்டருகே பெற்றோர், பாதுகாவலர், அணிப் பொறுப்பாளர் தவிர வேறு எவரும் நிற்கக்கூடாது.

நவரத்தினம் இரண்டு முறை வாசித்தார். பெற்றோர் இல்லை. பாதுகாவலர் இல்லை. பொறுப்பாளரும் இல்லை.

"உந்த நரேந்திரன்தான் போய்க் கோள் மூட்டியிருக்கிறார்" என்றார். ஆனந்தராசா முருங்கைக்காயை முறித்துப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

அன்று மாலையே நவரத்தினம் பேனாவை எடுத்தார். அதிபருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம், நரேந்திரனை நீக்கக் கோரி, பதினான்கு குற்றச்சாட்டுகளோடு. கோட்டில் பழகிய கை; ஒவ்வொரு குற்றத்துக்கும் திகதி, இடம், சாட்சி இருந்தது. ஆள் போனால் கட்டளையும் போகும், சனிக்கிழமை திரும்பி வரும் என்பது அவருடைய கணக்கு.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசன்ர பிழைப்பெல்லே" என்றார் புஷ்பவதி.

"அவர் பௌதிகம் படிப்பிக்கட்டும், ஆர் வேண்டாம் எண்டது?"

"அது சரி. சனிக்கிழமையில நீங்கள் வீட்டில இருந்தால் நான் என்ன செய்யிறது?" என்று அந்த அம்மா கேட்டார். அவருக்கும் அது சின்னக் கவலை இல்லை.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு பின்னேரம் அந்தோணிசாமி வீட்டு ஹாலில் பருவ முடிவுக் கூட்டம். பெற்றோர் பன்னிரண்டு பேர், நரேந்திரன், அழையாமல் வந்த நவரத்தினம். ஒரு தட்டில் ரோஸ்மேரி பொரித்த கறிபாப், இன்னொரு தட்டில் புஷ்பவதி கொடுத்துவிட்ட ரோல்ஸ். கடிதத்தை அங்கே வாசித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது திட்டம். "நீங்க படிங்கண்ணே, பார்ப்போம்" என்று எல்லோரும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்பவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை என்பது கோட்டில் இருந்தவருக்குத் தெரியாதா? ஆசை கண்ணை மறைத்தது.

அவர் சட்டைப்பைக்குள் கைவிடுமுன் நரேந்திரன் எழுந்துவிட்டார்.

"முதல்ல நான் பேசிடறேன்" என்றார். "பதினோரு மேட்ச் தோத்தாச்சு. எல்லாம் என் தப்புதான். ஜூலை மாசம், எட்டாவது மேட்ச் தோத்தப்ப, வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு பேப்பர்கூட எடுத்துட்டேன். நீங்க யாரும் மூஞ்சி குடுத்துப் பேசல. அது நியாயம்தான். ஆனா ஒரே ஒருத்தர், மழையோ காத்தோ, எந்த கிரவுண்டா இருந்தாலும் வந்து நின்னு, ஒவ்வொரு கோல் விழறப்பவும் எனக்கு ஆறுதல் சொன்னாரு. அவ்வளவு பேருக்கு நடுவுல, வெக்கப்படாம, 'ஆறுதலா, ஆறுதலா'ன்னு கத்துவாரு. திரும்பிப் பார்ப்பேன். கொடைய தூக்கிக் காட்டுவாரு. அந்த ஒரு சத்தத்துலதான் மிச்சப் பருவத்த ஓட்டினேன்."

ஈப்போவில் ஆறுதல் என்றால் தேற்றம். ராமநாதபுரத்திலும் அதுதான், ஏன், அகராதியிலும் அதுதான் முதலில். செத்த வீட்டில் சொல்வது. வேறுவிதமாக நினைக்க அந்த மனிதனுக்கு என்ன முகாந்திரம்?

ஆனந்தராசாவுக்குப் புரிந்துவிட்டது. வாயிலிருந்த ரோல்ஸ் புரையேறி அவர் கண்ணில் நீர் வந்தது. அதைப் பார்த்த ரோஸ்மேரி, பாவம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்த சர்க்குலர், ரெஃப்ரியைத் திட்டின பழைய மாணவர்களால வந்தது" என்று நரேந்திரன் தொடர்ந்தார். "அதனால அண்ணன் வெளிய நிக்கக்கூடாதுன்னு பிரின்சிபால்கிட்ட பேசிட்டேன். அடுத்த வருஷ டீம் லிஸ்ட்ல அவர் பேரையும் போட்டாச்சு. எல்லாரும் நவரத்தினம் அண்ணனுக்கு ஒரு கைத்தட்டு குடுங்க."

கைதட்டினார்கள். அந்தோணிசாமி எழுந்து நின்றே தட்டினார்.

நவரத்தினத்துக்குக் காது சுட்டது. சும்மா இருந்தால் போதும். தலையைக் குனிந்து ஒரு கும்பிடு போட்டால் போதும், சனிக்கிழமை அவருடையது. கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்து சலவையில் கரைந்துபோகும். வேறொருவராக இருந்தால் அதைத்தான் செய்வார். நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் ஒரு சொல் தவறான அர்த்தத்தோடு சபையில் பதிவாகி, அதற்குத் தீர்ப்பும் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் முன்னால் அப்படி ஒருமுறையும் நடந்ததில்லை. எழுந்தார்.

"மாஸ்டர், உங்களுக்குப் பிழையான மொழிபெயர்ப்பு கிடைச்சிருக்கு" என்றார். "எங்கட பக்கத்தில ஆறுதலா எண்டால் மெதுவா எண்டு அர்த்தம். அவசரப்படாமல் எண்டு. நான் உங்களைத் தேத்தேல்லை. பெடியளை ஏசினனான். உங்களையும் சேர்த்துத்தான்."

சட்டைப்பைக்குள் கைவிட்டார்.

"இது உங்களை நிப்பாட்டச் சொல்லி எழுதினது" என்று கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தார். "பேரை வெட்டிவிடுங்கோ. அதுதான் நியாயம்."

நரேந்திரன் வாங்கி வாசித்தார். அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளிறியது. ஒரு சொந்தம் கையைவிட்டுப் போனது போல இருந்தது அந்த முகம். நவரத்தினத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் பக்கத்துக்குப் போனதும் நரேந்திரனின் விரல் ஒரு வரியில் நின்றது.

"ஒன்பதாவது பாயிண்ட். பந்து காலுக்கு வர்றதுக்கு முன்னயே அடிக்கிறாங்கன்னு போட்டிருக்கீங்க. எத்தனை மேட்ச்ல பார்த்தீங்க?"

"பதின்மூண்டிலயும். மற்றதுக்கு அவையள் வரேல்லை."

"நான் வீடியோவ இருபது தடவ போட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரியலையே. முன்னாடியே ஏண்ணே சொல்லல?"

"சொன்னனான் மாஸ்டர். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னனான். ஊருக்கே கேட்கச் சொன்னனான்."

முதலில் சிரித்தது ஆனந்தராசா. அடக்கி அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது. பிறகு ரோஸ்மேரி. பிறகு, கொஞ்சம் தாமதமாக, நரேந்திரனும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்ததால் அது எந்தக் கண்ணீர் என்று எவருக்கும் தெரியவில்லை.

"பேரு லிஸ்ட்லயே இருக்கட்டும்" என்றார். "ஆனா அடுத்த வருஷம் அங்க நின்னு கத்தாம, என் பக்கத்துல வந்து, எனக்கு வெளங்குற தமிழ்ல சொல்லுங்க."

அப்படித்தான் தொண்ணூற்றேழாம் ஆண்டு நவரத்தினம் பயிற்சிக் குழுவில் ஒருவரானார். பதவிக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. கல்லூரி வானை ஓட்டினார், கூம்புகளை எண்ணி அடுக்கினார், செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து நேரே மைதானத்துக்குப் போய்ப் பெடியளுக்கு நிதானத்தைப் போதித்தார். அவர்களும் கற்றுக்கொண்டார்கள், தேவைக்கு மேலாகவே. முதல் ஆட்டத்தில் பந்து காலுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டு நின்றார்கள். நாலுக்குப் பூச்சியம்.

"அண்ணே, இன்னிக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தோணிசாமி கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நவரத்தினம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் தெரியாதவர்கள் எதையும் கதைப்பார்கள் என்று நரேந்திரனிடம் முணுமுணுத்தார்.

வீட்டுக்கு வந்து சேற்றுச் சப்பாத்தை வாசலில் கழற்றினார். புஷ்பவதி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, இண்டைக்கும் தோத்திட்டினமோ?"

"ஓம்" என்றார் நவரத்தினம். "தோத்திட்டம்."

புஷ்பவதி அகப்பையோடு அப்படியே நின்றார். "ஆர்?" என்று கேட்டார்.

"நாங்கள்தான், புஷ்பம். நாங்கள் தோத்திட்டம்" என்றார் அவர், கலியாணத்துக்கு அழைப்புச் சொல்ல வந்தவர் மாதிரியான முகத்தோடு.