குங்குமம் வைத்த ஆர்க் லைட்

பிள்ளைகளா, நேற்றுக் காலை நான் மோட்டார் சுவிட்சைப் போடும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு, சின்னவன் அதே மாதிரி நடித்துக் காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். பழக்கம் என்று உங்களிடம் எப்போதும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அது பயம். அது எங்கிருந்து வந்தது என்பதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதி வாயில் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், தெரிந்தவர் ஒருவர் சொல்லி சினிமாக் கம்பெனியில் லைட்மேன் ஆனேன். உங்கள் அம்மா அப்போது பெரியவளைச் சுமந்துகொண்டிருந்தாள். மூட்டை தூக்கினால் இடுப்புதான் போகும், இதில் ஆளே போய்விடுவான் என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று. ஆர்க் லைட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அண்டா அளவுக்கு ஒரு இரும்புக் கூடு. உள்ளே விரல் தடிமனில் இரண்டு கார்பன் குச்சிகள். அவற்றின் நுனிகள் நெருங்கும்போது நடுவில் கண்ணைப் பறிக்கிற வெள்ளை நெருப்பு எழும்பும். வெட்டவெளியில் வெயிலோடு போட்டி போட அதுதான் வேண்டும். குச்சி தேயத் தேய ஒருவன் பக்கத்திலேயே நின்று திருகிக் கொடுத்துக்கொண்டிருப்பான். அந்தப் புகையின் வாசனை வெல்டிங் பட்டறைப் பக்கம் போனால் இன்றும் வரும்.

எனக்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவன் அந்தோணி. நீங்கள் மாமா மாமா என்று சுற்றிவந்த அதே அந்தோணிதான். ராயபுரத்துக்காரன், என் வயது, வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டானது. பயப்படுகிறவனைக் கண்டால் அவனுக்குக் குஷி. ஆனாலும் வேலையை மறைக்காமல் சொல்லிக்கொடுத்தான். எதையும் முதலில் புறங்கையால் தடவிப் பார். உள்ளங்கையால் தொட்டால் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு கை வேலை செய்யும்போது மற்றது முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், இரண்டும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும். எவனாவது லைட்டில் ஒட்டிக்கொண்டால் அவனைத் தொடாதே, ஜெனரேட்டர் வண்டிக்கு ஓடி போர்டின் கைப்பிடியைக் கீழே இறக்கு, கரண்டு நின்றுவிடும். காற்றுக்கு ஸ்டாண்டு சாயாமல் அதன் காலில் மணல் மூட்டை போடுவது ஒன்றில்தான் எனக்குப் பயம் கிடையாது. மூட்டை என் பரம்பரைச் சொத்து மாதிரி.

காசிமேட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையில் நாலைந்து நாள் படப்பிடிப்பு. முதல் நாள் மத்தியானம், மணலில் கிடந்த கேபிள் தானாக அசைவதைப் பார்த்தேன். உயிர் போய் உயிர் வந்தது. யாரையும் கேட்காமல் ஓடிப்போய்க் கைப்பிடியை இறக்கிவிட்டேன். நடுக் காட்சியில் எல்லா லைட்டும் அணைந்தது. கேபிளைத் தூக்கிப் பார்த்தால் கீழே ஒரு நண்டு.

"இன்னா மாமு, நண்டுக்கு ஷாக் அட்ச்சிடும்னு பயந்துகினியா?" என்றான் அந்தோணி.

அன்றிலிருந்து என் பெயர் நண்டு. டீ கொடுக்கிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சும்மா சும்மா நிறுத்தினால் திரும்பவும் மூட்டை தூக்கப் போய்விடு என்று மெதுவாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. இனி வாயைத் திறப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் முதல் ஷாட்டுக்கு முன்னால் கேமராவுக்குப் பூஜை உண்டு. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஒவ்வொரு லைட்டுக்கும் ஒருவன் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு போவான். அந்த நேரத்துக்கு லைட்டும் சாமிதான், அதனால் செருப்புப் போட்டுக்கொண்டு கிட்டே போகக் கூடாது. பொட்டு வைக்கிற வேலையை அந்தோணி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். கழுத்தில் சிலுவை தொங்க, முதலில் தனக்குச் சிலுவை போட்டுக்கொண்டு, பிறகு தட்டை வாங்குவான். யாராவது கேலி செய்தால், கரண்டுக்கு ஜாதி மதம் தெரியாது என்பான்.

பூஜை முடிகிறவரை கைப்பிடி கீழே இருக்க வேண்டும். அதுதான் வழக்கம். அன்றைக்கு மேகம் திரண்டு வந்ததில் அவசரப்பட்டு, யாரோ முன்னதாகவே மேலே தூக்கிவிட்டார்கள். ஜெனரேட்டரின் உறுமல் மாறியது. நான் திரும்பிப் பார்த்தேன். கைப்பிடி மேலே நின்றது. அந்தோணி ஈர மணலில் வெறுங்காலோடு கடைசி லைட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

பிள்ளைகளா, நான் பார்த்தேன். அலைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. வாயைத் திறந்தேன். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். லைட்டுக் கூட்டில் கரண்டு ஏறியிருக்க வேண்டும் என்று கட்டாயமா, ஒன்றும் ஆகாவிட்டால் மறுபடி நண்டு என்று சிரிப்பார்களே என்று நினைத்தேன். அவன் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான். தட்டைக் கை மாற்றினான். இன்னும் நாலைந்து எட்டு வைத்தான். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கேபிளின் உறை உப்பு ஈரத்தில் எங்கோ விட்டுப்போய்க் கூட்டிலேயே கரண்டு இருந்திருக்கிறது. ஒரு கையில் தட்டோடு, பொட்டு வைக்க மற்றக் கையைக் கூட்டில் ஊன்றியவன் அப்படியே நின்றுவிட்டான். சத்தமே இல்லை. தட்டு விழுந்தது. உதட்டை ஒருமாதிரி இழுத்துக்கொண்டு நின்றதால் வேடிக்கை காட்டுகிறான் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஓடினேன். அவனிடம் இல்லை, போர்டுக்கு. கைப்பிடியை இறக்கியதும் பின்னால் அவன் விழுகிற சத்தம் கேட்டது. கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிழைத்துக்கொண்டான். உள்ளங்கை வெந்து, இரண்டு விரல் கடைசிவரை மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றதும் பக்கத்துக் கட்டில்காரரிடம் என்னைக் காட்டி, "இவன் இல்லாங்காட்டி நான் பூட்டேன், நைனா" என்றான். மேனேஜர் என் முதுகில் தட்டினார். நண்டு என்ற பெயர் அன்றோடு போயிற்று. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் கேக்கோடு நம் வீட்டுக்கு வந்து, மடங்காத விரலை நீட்டி உங்களிடம் அந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விடுவேன். தன்னடக்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

ஒரே ஒரு தடவை கேட்டான். "கைப்பிடி மேல இருந்தத எவனுமே பாக்கலியா மாமு?"

எல்லாரும் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று சொன்னேன்.

போன வருஷம் அவனை அடக்கம் செய்துவிட்டு நீங்களெல்லாம் பஸ் ஏறினீர்கள். எனக்கு ஒரு வேலை இருக்கிறது, பின்னால் வருகிறேன் என்றேன். அந்தக் கடற்கரைக்குத்தான் நடந்து போனேன். மணலே இல்லை. பூஜை போட்ட இடத்தைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது; கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஆர்க் லைட்டும் எந்தக் காயலான் கடையிலோ உருகிப் போயிருக்கும். மேனேஜர் இல்லை. அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர்கூட எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.

"அந்தோணி, தொடாத மாமு. கரண்டு கீது" என்றேன்.

முதல் தடவை குரல் எழும்பவில்லை. அதனால் இன்னொரு தடவை, சத்தமாகவே சொன்னேன்.