ஞாயிற்றுக்கிழமை வழக்கு

எங்கள் அப்பா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம்.

அப்பா பிறந்தது குமாரபாளையத்தில், காவிரிக்கரையை ஒட்டிய தறிக்கார வீதியில். அவருக்குப் பத்து வயதிருக்கும்போது அவருடைய தந்தையார் காலமானார். பையனைப் படிக்க வைக்காமல் தறியில் போட வேண்டும் என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. தாயார் அதை மீறிப் பள்ளிக்கு அனுப்பினார். அரை வயிற்றோடு படித்து, தட்டெழுத்துக் கற்று, அப்பா பத்திர எழுத்தர் ஆனார். ஊரில் எத்தனையோ பேருக்கு உயில் எழுதிக் கொடுத்த அவர், இறந்தவர் சொல் இருப்பவரைக் கட்டுப்படுத்தாது என்பதில் மட்டும் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். கட்டுப்படுத்தியிருந்தால் தறியில்தான் நின்றிருப்பேன் என்பார்.

அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா இதற்கு நேர் எதிர். ரிக் வண்டி வைத்து வடநாடெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டவர், திருச்செங்கோட்டுப் பக்கம் உள்ள தம் சொந்தக் காட்டில் மட்டும் போடவில்லை. நம் மண்ணைத் துளைக்காதே என்று அவருடைய தந்தையார் சாகும்போது சொல்லியிருந்தார். பயிர் காய்ந்த ஆண்டிலும் மாமா அசையவில்லை. தட்டிக் கேட்க ஆள் இல்லை என்று வாக்கை மீறுவது திருட்டு என்பது அவர் கட்சி. உயில் எழுதிப் பிழைத்தவருக்கு உயிலில் நம்பிக்கையில்லை. குழி போட்டுப் பிழைத்தவர் தம் காட்டில் குழி போடவில்லை. நல்ல சம்பந்தம்தான்.

ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் வழக்கு தொடங்கும். தறிச் சத்தத்தோடு இருவர் குரலும் என் அரைத்தூக்கத்தில் வந்து கலக்கும். கண் விழித்தால் சுவரில் வெயில் ஒரு முழம் நகர்ந்திருக்கும், வழக்கு நகர்ந்திருக்காது. இப்போதும் மதியத்தில் கண் அயர்ந்தால் இரண்டு குரலும் கேட்கின்றன. ஒன்று இல்லை என்பது விழித்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அந்த நிமிடத்தை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசி நாட்களில் மூச்சுத் திணறலோடு படுத்திருந்த அப்பாவிடம், "ஏதாச்சும் சொல்றதுன்னா சொல்லீருங்க மாப்ள," என்றார் மாமா.

அப்பா சிரித்தார். "சொன்னா நீங்க அப்படியே செஞ்சுபோடுவீங்க மச்சான். அதனாலதான் சொல்லல."

காரியத்தன்று, வழக்கப்படி அம்மாவின் பொட்டையும் வளையலையும் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிறந்த வீட்டுக் கோடியாக மாமா வெள்ளைச் சேலை கொண்டு வந்திருந்தார். கொடுக்க மனம் வராமல், மாப்பிள்ளை ஏதாவது எழுதி வைத்திருப்பார் என்று மேசையைக் குடைந்தார். தட்டெழுத்துப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. நான் வாசித்தேன். நல்ல நினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதி வைப்பது என்னவென்றால் என்று தொடங்கி, அங்கேயே நின்றிருந்தது. கீழே முழுக்க வெறும் தாள். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அண்ணா, நா உசுரோடதான இருக்கறேன். என்னையக் கேளுங்க," என்றார் அம்மா.

பொட்டு இருக்கட்டும், வளையலும் இருக்கட்டும் என்றார். மாமா வெளியே போய், பச்சைச் சேலையோடு திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா இப்போதும் வருகிறார். அப்பாவின் நாற்காலியில் நான் உட்காருகிறேன். இறந்தவர் பேசலாம் என்று ஒத்துக்கொண்டதால்தான் மாப்பிள்ளை தாளை எடுத்தார் என்கிறார் அவர். ஒத்துக்கொள்ளாததால்தான் பாதியில் நிறுத்தினார் என்கிறேன் நான். அம்மா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டு வந்த வீதிக்காரர்களுக்கும், தறியை நிறுத்திவிட்டுப் பாடை தூக்க வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்.

போன வாரம் மாமா தம் உயிலை எழுதித் தரச் சொன்னார். பிள்ளையில்லாத அவர், காட்டை என் பெயருக்கு எழுதி வைக்கிறார். அதில் ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அப்பாவின் மேசையில் உட்கார்ந்து, ஒரு சொல் குறையாமல் எழுதிக் கொடுத்தேன். அதன்படி நடப்பாயா என்று மாமா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.