சித்தப்பாவின் பேரில்லாத பூ

எனக்கு அறுபத்து மூன்று வயது. பெற்றது நாலு; ஓரகத்தி விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் படித்துவிட்டன. நான் மூன்றாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சின்னப் பெண். வீடு அடி அண்ணாமலையில். சித்தப்பாவுக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் செடிகளை இனம் பிரிக்கும் வேலை. எந்தச் செடிக்கு எது பங்காளி என்று பார்த்துச் சொல்ல வேண்டும். லீவு விட்டால் மலையிலேயே கிடப்பார்.

“எம்.எஸ்சி. படிச்சுட்டு புல்லு புடுங்கறான் பாரு” என்பார் அப்பா.

ஒரு கொடி அவரைப் பாடாய்ப் படுத்தியது. எப்போது போனாலும் இலைதான் இருக்கும். பூவைப் பார்க்காமல் இனம் சொல்ல முடியாதாம். லீவு முடிகிற அன்று, மழை விட்ட காலையில், ஒரே ஒரு பூவோடு வந்தார். நகத்தளவு, வெளிர் ஊதா. ஈரத்துணியில் சுற்றிக் கூடத்தில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

எங்கள் வீட்டில் எந்தப் பூ வாசல் தாண்டினாலும் முதலில் சாமிக்கு. அம்மா அதை அண்ணாமலையார் படத்துக்கு வைத்துக் கற்பூரம் காட்டினாள். பிறகு பிரசாதம் என்று என் பின்னலில் செருகினாள். நான் ஆடப் போய்விட்டேன்.

“அண்ணி, துணியில இருந்த பூ எங்க?”

“சாமிக்கு வெச்சு, பாப்பா தலையில வெச்சுட்டேன் தம்பி. பொண்டாட்டி இல்லாத ஆளுக்குப் பூ எதுக்கு?”

சித்தப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. தெருவில் என்னைப் பிடித்து, “அசையாத கண்ணு” என்று இடுக்கியால் பூவை எடுத்தார். துவண்டு கிடந்தது. வெந்நீரில் மிதக்கவிட்டார், மெல்ல விரிந்தது. ஊசியால் பிளந்தார்.

“சாமி பூவ கிழிக்காதீங்க!” என்று அழுதேன்.

லென்ஸ் வைத்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை என் கண்ணில் வைத்தார். அழுகை நின்றுபோனது. உள்ளே வட்டமாகத் தூண்கள். தூண் தலைகளில் பொன் தூள். சுவரெல்லாம் மயிரிழை, இழை நுனியில் முத்து. கோயில் மண்டபத்துக்குள் விளக்கோடு நுழைந்தது போல இருந்தது.

“உள்ள யாரு இருக்காங்க சித்தப்பா?”

“தெரியலியே கண்ணு. இதுக்குச் சொந்தக்காரங்களே யாரும் இருக்கற மாதிரி தெரியலியே.”

அவர் கை நடுங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூவை நான் கெடுத்த துக்கம் என்று நினைத்து, “வேற பறிச்சுத் தரேன்” என்றேன்.

அடுத்தடுத்த மழைகளில் அந்தக் கொடியில் இன்னும் சில பூக்கள் கிடைத்தன. ஊர் ஊராகப் போய், காயவைத்த செடிக் கட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, எண்பதுகளில்தான் அதற்குப் பேர் வைத்தார், எங்கள் மலையின் பேரைச் சேர்த்து. அதற்குள் அவர் தலை நரைத்துவிட்டது.

உலகத்தில் யாரும் இனம் கண்டிராத ஒன்றை முதல் ஆளாகப் பார்த்தவருக்குக் கை அப்படித்தான் நடுங்கும் என்று, இரண்டாவது ஆளாகப் பார்த்த எனக்கு அன்று தெரியவில்லை.

வாடி பேத்தி, இத ஒருதரம் படிச்சுக் காட்டு. கொம்பு, கால் விட்டிருந்தா நீயே போட்டுடு.