இட்லிக்கடை ஓரத்தில் விட்ட செருப்பு

எழுபதுகளின் நடுவில், பொங்கல் கழிந்த ஒரு தை மாதத்தில், முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் இது நடந்தது. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டும் நான்கு மாதமும். இப்போது எழுபத்து மூன்று. நடுவில் எவ்வளவோ மறந்துவிட்டது. நேற்று மாத்திரை போட்டேனா என்பதுகூட நினைவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் நிமிஷம் நிமிஷமாக நினைவிருக்கிறது.

நான் பினாங்கில் பிறந்தவன். அங்கே அப்பாவுக்கு ஒரு துணிக்கடை. வணிக நிர்வாகம் படிக்க என்னைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரிக்கு அனுப்பினார். “தமிழ் பேசுற ஊருதானே, அது என்ன வெளிநாடா?” என்றார். விடுதிப் பதிவேட்டில் ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் மற்ற அறுபத்து மூன்று பேரும் திண்டிவனம், மதுராந்தகம், காஞ்சிபுரம் என்று எழுதியிருந்தார்கள். என் பெயருக்கு நேரே மட்டும் எழுத்தர் ‘வெளிநாடு’ என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

அந்த அடிக்கோடு இரண்டு வருஷமும் என்னைவிட்டுப் போகவில்லை. காலையில் யாரையாவது பார்த்து “பசியாறியாச்சா?” என்று எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டால் சாப்பாட்டுக் கூடமே சிரிக்கும். பிறகு நான் கேட்பதையே விட்டுவிட்டேன். வகுப்பில் வாயைத் திறந்தால் பின்வரிசையில் ஒருவன் என் மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டுவான். கெட்ட பையன்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரவர் ஊருக்கு ரயிலேறிவிடுவார்கள், அவ்வளவுதான். நான் அறை ஜன்னலில் உட்கார்ந்து போகிற ரயில்களை எண்ணுவேன். அப்பாவின் கடிதம் வந்து சேர ஒன்பது நாளாகும், சில சமயம் பதினொன்று. அதையும் எண்ணுவேன். பேச ஆளில்லாதவனுக்கு எண்ணுவது ஒரு துணை. இந்தப் பழக்கம் எனக்கு அப்போதுதான் ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷம் பொங்கலை ஒட்டிக் கிடைத்த ஒரு மாத விடுமுறையில் பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் ஊரில் ஏதாவது ஒரு தொழிலை முப்பது நாள் கவனித்து அறிக்கை எழுத வேண்டும். எல்லோரும் மாமா கடை, சித்தப்பா அரிசி ஆலை என்று கிளம்பிவிட்டார்கள். எனக்குத்தான் ஊர் இல்லையே. “நீ கடற்கரைப் பக்கம் போய் மீன் வியாபாரத்தைப் பார்” என்றார். கோவளத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடி அறையைப் பிடித்தேன். கடைக்காரர் ஒரு மாதம் முடிந்து வாடகை வாங்கத்தான் மேலே ஏறி வருவார். தினமும் விடியற்காலையில் பேருந்து பிடித்து, முட்டுக்காட்டுக்கு அருகில் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போவேன். கட்டுமரங்கள் எத்தனை போயின, எத்தனை வந்தன, எத்தனை கூடை மீன் என்று நோட்டில் குறிப்பேன்.

கரையேறும் இடத்தில் ஓலைப் பந்தலின் கீழ் ஒரு பெண் இட்லி விற்பார். முப்பது வயது இருக்கும். கணவர் மரத்தில், அதாவது கட்டுமரத்தில், கடலுக்குப் போகிறவர். முதல் நாளே என் தமிழைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன். அன்றிலிருந்து நான் ‘மலாயா’. நாலு நாளில் குப்பம் முழுக்க அதுதான் என் பெயர்.

“பசியாற என்ன இருக்கு அக்கா?” என்று அந்த முதல் நாளே கேட்டேன்.

“பசிய ஆத்துறதா? இன்னா மலாயா, புண்ணா அது? நாஸ்தான்னு கேளு.” பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இங்கேயும் அதே சிரிப்புதானா என்று எனக்கு முகம் வாடிவிட்டது.

அதே நாளில் இன்னொரு தப்பும் செய்தேன். மரங்கள் அலையைத் தாண்டிப் போகும்போது விரலை நீட்டி, ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினேன். இட்லிக்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

“கடலுக்குப் போறவங்கள வெரல நீட்டி எண்ணுவியா? எங்கன போற, எப்ப வருவன்னும் கேக்கக் கூடாது. தெரியாதா ஒனக்கு?”

எனக்கு உண்மையாகவே தெரியாது. எண்ணாவிட்டால் எல்லோரும் திரும்பிவிட்டார்களா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு நான் மனசுக்குள் எண்ணினேன்.

மணலில் செருப்போடு நடக்க முடியாது. குப்பத்தில் எல்லோரும் வெறுங்கால். நான் மட்டும் காலையில் அவர் பந்தலின் ஓரம் செருப்பைக் கழற்றிவிட்டு, மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்து மாட்டிக்கொள்வேன். பினாங்கிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தோல் செருப்பு. எனக்கு அதன்மேல் எப்போதும் ஒரு கண். மணலில் தூரத்தில் நின்றபடியே திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். “ஒன் செருப்ப யாரு துன்னப் போறா?” என்று அவர் அங்கிருந்தே கத்துவார்.

பத்தாம் நாள் திரும்பி வந்தபோது ஒரு செருப்புதான் இருந்தது. நான் கேட்ட விதம் சரியில்லை. “இன்னொண்ணு எங்கே? இங்கே உங்களைத் தவிர யார் இருந்தாங்க?” என்றேன். அவர் எழுந்து, குடிசைகளுக்குப் பின்னால் போய், ஒரு நாயின் வாயிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார்.

“செருப்பு திருடியா நானு?”

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எங்கே மறுபடி சிரிப்பார்களோ என்ற பயம். அன்று மாலை கோவளத்துக்கு நடந்தே போனேன்.

அடுத்த நாலு நாள் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இட்லியை இலையில் வைத்துத் தள்ளுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேறு இடம் இல்லாததால் செருப்பை அங்கேயேதான் விட்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன். மாலையில் அவை மணலில் கிடக்காமல், பந்தல் காலில் நாய்க்கு எட்டாத உயரத்தில் சொருகியிருந்தன. அதற்காவது ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பதினாலாம் நாள், பௌர்ணமிக்கு மறுநாள். முகத்துவாரத்துக்கு வடகரையில் பெரிய வலை இழுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பகல் ஒரு மணிக்கு அதைக் கடந்து போனேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. அறுபத்தெட்டு அடி வைத்தேன், அக்கரை. இட்லிக்காரரோடு முன்பு போல் பேச்சு இருந்திருந்தால், எங்கே போகிறாய் என்று கேட்காவிட்டாலும் ‘சாயந்தரம் தண்ணி ஏறும்’ என்று ஒரு குரல் கொடுத்திருப்பார். அன்று நான் வடக்கே போவதைப் பார்த்தும் கொடுக்கவில்லை.

வலை இழுப்பதைப் பார்த்து, கூடைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு நாலரை மணிக்குத் திரும்பினேன். தண்ணீர் அகன்றிருந்தது. போன வழிதானே என்று நோட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இருபத்தாறாவது அடியில் காலுக்கடியில் மணல் இல்லை. கடல் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. நோட்டு முதலில் போயிற்று, அதன் பின்னால் நான். உப்பங்கழிக்குள் இழுத்துக்கொண்டு போனபோது ஏதோ தோளில் இடித்தது. வலை கட்ட ஊன்றியிருந்த சவுக்குக் கம்பு. இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். காலுக்குக் கீழே வழுக்கும் சேறு. எம்பி நின்றால் தண்ணீர் கழுத்தளவு.

கைக்கடிகாரம் நாலு முப்பத்தெட்டில் நின்றுவிட்டது. கம்புகளை எண்ணினேன், பதினொன்று. தூரத்துப் பாலத்தில் ஒரு பேருந்து போனது. கத்தினேன். ஒரு கையை விட்டு ஆட்டினேன். ஜன்னலோரம் யாரோ பதிலுக்குச் சிரித்துக் கையாட்டினார். இரண்டாவது பேருந்தில் அதுவும் இல்லை.

அப்போது என் வாழ்க்கையிலேயே மோசமான கணக்கு ஒன்றைப் போட்டேன். நான் காணவில்லை என்று யாருக்கு, எப்போது தெரியும்? மளிகைக்காரர் மாதம் முடிந்துதான் வருவார், அப்போதும் விடுதிக்குத் திரும்பிவிட்டான் என்றுதான் நினைப்பார். விடுதி திறக்க இன்னும் பதினாறு நாள். திறந்தாலும், ‘வெளிநாடு’ வர நாளாகும் என்று நினைப்பார்கள். திறந்த மூன்றாம் நாள்தான் பேராசிரியர் அறிக்கை கேட்பார். அப்பா இரண்டு கடிதம் தவறினால்தான் பயப்படுவார், அதற்கு மூன்று வாரத்துக்கு மேல். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் பத்தொன்பது நாளுக்குக் குறைவாக வரவில்லை. தண்ணீர் உதட்டைத் தொட்டது. சாவைவிட அந்தப் பத்தொன்பதுதான் என்னை அழ வைத்தது. இத்தனையை எண்ணினேனே, என்னை எண்ண ஒருவர்கூட இல்லையே என்று சத்தமாகவே அழுதேன்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கை மரத்துப்போய், கம்பு கையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அப்போதுதான் குரல் கேட்டது.

“யோவ் மலாயா! கம்ப வுடாத! வந்துகினே கீறோம்!”

ஒரு கட்டுமரம். இட்லிக்காரரின் கணவரும் அவர் தம்பியும். தம்பி குதித்து என் சட்டைக் காலரைப் பிடித்தார், கணவர் மேலே இழுத்துப் போட்டார். வயிற்றிலிருந்த தண்ணீர் வெளியே வரும்வரை குப்புறப் போட்டு முதுகில் அடித்தார்கள்.

“பௌர்ணமித் தண்ணில எவனாவது எறங்குவானா? படிக்கிற புள்ள தானே நீ?” என்று தம்பி திட்டிக்கொண்டே துடுப்புப் போட்டார்.

நான் இங்கே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கணவர்தான் சொன்னார். “ஒங்க அக்காதான். கடைய மூடறப்போ செருப்பு அப்படியே கீது, ஆளக் காணோம். வடக்கால போனான், போய்ப் பாருன்னு ஒரே பேஜாரு. துன்ன வுடல எங்கள.”

பிறகு, நான் முதல் நாள் கேட்ட கேள்வியை அவரே நினைவு வைத்திருந்ததுபோல், கரையைக் கை காட்டினார். மணலில் ஒவ்வொரு மரத்துக்கும் அதனதன் இடம் உண்டு. மரம் வந்தால் அந்த இடத்தில்தான் போடுவார்கள். எந்த இடம் காலியோ, அந்த மரத்துக்காரர் இன்னும் வரவில்லை. “நாங்க எண்ண மாட்டோம். எடத்தப் பாப்போம்” என்றார். மரங்களின் இடங்களோடு என் செருப்பின் இடத்தையும் அந்த அக்கா தினமும் பார்த்திருக்கிறார். பேசாமல் இருந்த அந்த நாலு நாளும்கூட.

கரையில் அவர் நின்றிருந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பந்தல் காலிலிருந்து செருப்பை உருவி என் முன்னால் வைத்தார்.

“எண்ணிக்கோ. ரெண்டும் கீது.”

நான் அழுதேன். மன்னிப்பு என்று சொல்ல வந்த சொல் தொண்டையில் இருமலாகிவிட்டது. அவர் முந்தானையால் என் தலையைத் துவட்டிவிட்டு, பானைக்குள் கையை விட்டு ஆறிப்போன நாலு இட்லியை எடுத்து வைத்தார்.

“இந்தா மலாயா, பசியாறு” என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நோட்டு தண்ணீரோடு போய்விட்டதால் என் அறிக்கையில் எண்களே இல்லை. மதிப்பெண் மிகக் குறைவு, வகுப்பில் கடைசிக்கு முந்தின இடம். இப்போது பினாங்கில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் மூன்று பேர், மூன்று நாடுகள்; ஞாயிற்றுக்கிழமைகளில் முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள். அடுக்குமாடியில் நாற்பது வீடு. கவலைப்பட எனக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும். ஆனாலும் காலையில் நடந்து திரும்பியதும் செருப்பை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. எதிர்வீட்டுப் பெண் கண்ணில் படும்படி வெளியேதான் விடுகிறேன்; அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் நான் நடக்கப் போயிருப்பதால் அந்த இடம் காலியாக இருக்கும். ஒருநாள் அந்த நேரத்திலும் செருப்பு அங்கேயே கிடந்தால், பத்தொன்பது நாளுக்கு முன்பே யாரோ ஒருவர் கதவைத் தட்டுவார் என்ற நம்பிக்கையை எனக்குக் கொடுத்தது, நான் திருடி என்று சந்தேகப்பட்ட அந்தப் பெண்தான்.