இடுப்பில் கம்ப்யூட்டர்

பக்கத்துப் போர்ஷன் வாசலில் சைக்கிள் நின்றால், சகாயமேரி எழுந்துபோய்க் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிடுவாள். திரையில் கார்கள் ஓடும், மோதும், பல்டி அடிக்கும். சத்தம் மட்டும் வராது. "இன்னா ஆண்ட்டி, ஊமைப்படமா?" என்று பையன்கள் கத்துவார்கள். அவள் உதட்டில் விரலை வைத்து, "வாயால சவுண்டு குட்த்துக்கோ, மெதுவா" என்பாள்.

அந்தச் சைக்கிள் அங்கே குடியிருக்கிற பார்வதத்தின் வீட்டுக்காரருடையது. அவருக்கு ராத்திரி ஷிஃப்ட், பகலில்தான் தூக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் கார் ரேஸ் நடக்கிற வீட்டில் குடியிருந்தும் மனுஷன் அடித்துப்போட்டதுபோலத் தூங்குகிறாரே, எல்லாம் முருகன் செயல் என்று பார்வதம் நினைத்திருந்தாள். ஒருநாள் தற்செயலாக எட்டிப்பார்த்தபோதுதான் தொங்குகிற வயர் கண்ணில் பட்டது. கேட்டதற்கு மேரி, "அது லூஸுக்கா, தானா கழண்டுக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

பட்டாபிராமில் மிலிட்டரி சைடிங் ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு மேரியுடையது. வயது நாற்பது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. ஒல்லியான உடம்பு, கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு. மற்றப் பெண்கள் பூ வைக்கிற இடத்தில் அவள் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருப்பாள். முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். அப்பா இக்னேஷியஸ் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்கு மறந்துபோயிற்று. கதவு திறந்திருந்தால் டியூட்டிக்குக் கிளம்பித் தண்டவாளத்தின் மேலேயே நடக்க ஆரம்பித்துவிடுவார். இரண்டாம் முறை அவரை வண்டிக்கு முன்னாலிருந்து இழுத்து வந்த அன்றே மேரி வேலையை விட்டுவிட்டாள். கம்பெனி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து முன் அறையில் வைத்தாள். அரை மணி நேரம் விளையாட இவ்வளவு என்று வாசலில் அட்டை தொங்கவிட்டாள். வீட்டிலேயே இருந்து பிழைக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

அப்பாவின் நாற்காலி கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். திரையில் கார் பறக்கும்போது அவர், "சிக்னல் விழலடா, நிறுத்து!" என்று அதட்டுவார். "சரி தாத்தா, ஸாரி தாத்தா" என்று சொல்லிக்கொண்டே பையன்கள் இன்னும் வேகமாக ஓட்டுவார்கள்.

வாங்கி வந்தபோது அது கறுப்பு வெள்ளை. அடுத்த வருஷம் கலர் ஆயிற்று. அதற்கடுத்த வருஷம் சத்தம் வந்தது, பிறகு சிடி போடுகிற வசதி. எல்லாமே யாரோ கழற்றிப்போட்ட பாகங்கள்தான். பையன்கள் அம்புக்குறிப் பொத்தான்களை இடி இடியென்று இடித்து அடியிலிருக்கும் ரப்பரை நசுக்கிவிடுவார்கள். மேரி புதுக் கீபோர்டு வாங்க மாட்டாள். யாருமே தொடாத மூலைப் பொத்தானின் ரப்பரை எடுத்து நசுங்கியதன் இடத்தில் வைத்துவிடுவாள். "இது சும்மா குந்திகினுதானக்கா கீது, கொஞ்சம் வேல செய்யட்டும்" என்பாள்.

பாகம் வாங்க, எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவதுதான் பார்க்க வேண்டிய காட்சி. கம்ப்யூட்டர் கேபினெட்டைப் போர்வையில் சுற்றி, தண்ணீர்க் குடம்போல இடுப்பில் ஏற்றிக்கொள்வாள். மறு கையில் அப்பா. ஒருமுறை பார்வதமும் துணைக்குப் போனாள். மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறியதும் ஒரு அம்மாள் சண்டைக்கு வந்தாள்.

"ஏம்மா, ஆம்பளய எதுக்கு இங்க இட்டுகினு வர?"

"இவரு ஆம்பள இல்லக்கா, எங்க அப்பன். ஒரு கையில இவரு, ஒரு கையில இது. ரெண்டுல ஒண்ண சென்ட்ரல் வரிக்கும் நீ புட்ச்சிக்கோ, நான் அந்தப் பொட்டிக்குப் போறேன்."

அந்த அம்மாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து ஜன்னலோர இடத்தைக் கிழவருக்குக் கொடுத்தாள்.

அந்தப் பயணம் சாதாரணப் பயணம் இல்லை. தொண்ணூற்றெட்டாம் வருஷம், முழுப் பரீட்சை நெருங்குகிற நேரம். ஸ்டேஷன் பக்கத்தில் புதிதாக ஒரு கேம்ஸ் கடை திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, வரிசையாகப் புது மிஷின்கள். பையன்கள் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். "உன் காரு மாட்டு வண்டி மாரி போவுது ஆண்ட்டி" என்று ஒருவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனான். ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்த தங்கை, அப்பாவை ஒரு முதியோர் ஹோமில் சேர்த்துவிட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகச் சொன்னாள். இடம்கூடப் பார்த்துவைத்துவிட்டாள். மே மாத லீவு முடியும்வரை பார்க்கலாம், அதற்குள் கூட்டம் திரும்பாவிட்டால் நீ சொல்வதைக் கேட்கிறேன் என்று மேரி வாக்குக் கொடுத்திருந்தாள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்த கஜபதி இவள் தலையைப் பார்த்ததுமே கும்பிட்டான். "யக்கா, புது ஆட்டம் ஓடணும்னா உள்ள கீற எல்லாத்தயும் தூக்கிப் போடணும். நீ ஒண்ணே ஒண்ணு வாங்குவ, அதையும் மாட்டிப் பாத்துட்டுதான் வாங்குவ. சாமான் வாங்க வரியா, பொண்ணு பாக்க வரியா?"

"பொண்ணு பாத்தாலே நடந்து காட்டச் சொல்றாங்க நைனா. நீ ஓட்டிக் காட்டு."

பையன்கள் கேட்கிற புது ஆட்டத்தில் ஒரு பாலத்து வளைவு உண்டு. மேரியின் கம்ப்யூட்டரில் அந்த இடம் வந்தால் கார் விக்கல் எடுத்ததுபோல நின்று நின்று போகும். கடையில் ஒவ்வொரு பாகமாக மாட்டச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அதே வளைவு வரை ஓட்டச் சொன்னாள். விக்கல் நின்றால் அந்தப் பாகம், நிற்காவிட்டால் கழற்று. கஜபதிக்கு வியர்த்தது. கிழவருக்கு அவனே டீ வாங்கிக் கொடுத்தான். கடைசியில் ஒரு விரல் நீள மெமரியை மாட்டியதும் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதை மட்டும் வாங்கினாள். கையிலிருந்த பணம் அதோடு சரி.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்த வாரம் பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். பார்வதம் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். எந்தச் சாமியின் தீர்த்தமானாலும் தலையில் விழுந்தால் நல்லதுதானே? மேரி கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி வைத்திருந்தாள். மேல் தகரத்தில் பட்டு என்ன பிரயோஜனம், உள்ளே இருக்கிற புது மெமரிக்கல்லவா ஆசீர்வாதம் வேண்டும்? போதாததற்கு, ஓடும்போது மந்திரித்தால்தான் ஓட்டம் நிற்காது என்று ஆட்டத்தை வேறு ஓடவிட்டிருந்தாள். சாமியாருக்குத் துணையாக வந்த உபதேசியார் தீர்த்தச் செம்பை நீட்டினார். சாமியார் தாராளக் கைக்காரர், மூன்று முறை நன்றாக விசிறினார். பட்டென்று ஒரு சத்தம். திரை இருண்டது.

"கரண்ட் போயிடுச்சா?" என்றார் சாமியார்.

"ஆமா சாமி. இங்க அடிக்கடி போவும்" என்றாள் மேரி. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பேசிக்கொண்டே பின்பக்கமாகக் கையை நீட்டி அதன் சுவிட்சை அணைத்தாள். அப்பாவை முன்னால் அழைத்துவந்து முழந்தாளிட வைத்தாள், ஆசீர்வாதம் வாங்கித் தந்தாள். சாமியார் புழுக்கத்தில் வியர்த்து, சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

அவர் தெருமுனை தாண்டியதும் பார்வதம் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அடியே மேரி, போச்சா? அவருகிட்ட சொல்லியிருக்கலாமே, ஏதாச்சும் வழி பண்ணியிருப்பாரே."

"இன்னான்னு சொல்றது? சாமி, உன் தீர்த்தம் பட்டு செத்துட்ச்சின்னா? வயசானவரு. அடுத்த ஊட்டுல தெளிக்கச் சொல்லக்குள்ள அந்தக் கை நடுங்காதா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டையிலிருந்து உருவினாள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய வேட்டியில் ஒற்றி, பேப்பரில் பரப்பி, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டாள். மறுநாள் பரீட்சை முடித்த பையன்கள் வந்து கதவைத் தட்டினார்கள். "நாளிக்கி வாங்கடா" என்றாள். அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள். அவர்கள் ஸ்டேஷன் பக்கம் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தங்கை அடுத்த வீட்டு ஃபோனில் கூப்பிட்டு, ஹோமில் ஒரு இடம் காலியாகிறது, சீக்கிரம் முடிவு சொல் என்றாள். பார்வதத்துக்கே பொறுக்கவில்லை.

"காஞ்சிதான் இருக்குமே, ஒரு தடவ போட்டுப் பாரேன்டி."

"ஈரம் போனா உசுரு வரும்க்கா. அவசரப்பட்டுக் கரண்டு குட்த்தா இருக்கிறதும் பூடும்." குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஜெபமாலையை உருட்டுகிற விரல்கள் மட்டும் நிற்கவே இல்லை. பார்வதமும் தன் பங்குக்குச் சஷ்டிக் கவசம் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சுவிட்சைப் போட்டாள். திரை வரவில்லை. மெமரியைக் கழற்றி அடுத்த குழியில் மாட்டினாள். வந்தது! அந்த ஒரு குழி மட்டும்தான் செத்திருந்தது. பாலத்து வளைவில் கார் எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போயிற்று. மேரி சிலுவை போட்டுக்கொண்டாள், பார்வதம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடிக் கதவுக் கடை மூடிவிடவில்லை. அங்கேயும் கூட்டம்தான். இருந்தாலும் அந்த லீவில் மேரியின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சிக்னல் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை பிறகு ஹோம் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் வேப்பம்பட்டில் சொந்த வீடு முடிந்து பார்வதம் குடிபெயர்ந்தாள். அதுவும் பாஸ்கா சமயம். சாமான்களையெல்லாம் லாரியில் ஏற்ற உதவிவிட்டு, மேரி கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். பார்வதம் லாரியில் ஏறி உட்கார்ந்தாள். "சாமியார் வர்றப்ப இந்தத் தடவையாச்சும் மூடியப் போட்டு வைடி" என்றாள்.

மேரி லாரிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"மூடியத் தொறந்துதான்க்கா வெப்பேன். கரண்ட மட்டும் நிறுத்திடறேன்."