பன்னிரண்டாம் கட்டை

என் பழைய குறிப்பேடு ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் ஊதா நிறமாக இருக்கும். மழை பட்டு, ஊதாப் பென்சிலால் எழுதிய வரிகள் முழுவதும் கரைந்துவிட்டன. அடியில் ஒரே ஒரு வரி பிழைத்திருக்கிறது. அது எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதப்பட்டது. ஜாலான் புசார் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த காக்காவின் கையெழுத்து. அவர் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த மரைக்காயர். அவர்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன்; வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லாருமே அவரைக் காக்கா என்றுதான் அழைத்தோம்.

அந்தப் பக்கத்தை எழுதிய ஆண்டு, பெரிய வெள்ளியை ஒட்டி அலுவலகங்களுக்கு நான்கு நாள் விடுமுறை. காக்கா, எங்கள் அலுவலகத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார், அச்சுக்கோக்கும் நண்பர்கள் இருவர், நான் என ஐந்து பேர், நாங்கள் வாழும் இந்தத் தீவைச் சைக்கிளில் சுற்றி வரப் புறப்பட்டோம். கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். முந்திய மாதம்தான் குளிர்காய்ச்சலில் பிழைத்து எழுந்திருந்தார். அவர் மனைவி கொயினா மருந்துச் சீசாவை என் கையில் கொடுத்து, "தம்பி, இவர் மறந்துபோவார். நீர்தான் நேரம் பாத்துக் குடுக்கோணும். ஒரு வேளை தப்பினாலும் திரும்பக் குளிரும் எண்டு டொக்டர் சொன்னவர்" என்றார். எதையும் நேரம் குறித்து எழுதிவைப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

வெள்ளிக்கிழமை விடியலில் ஃபேரர் பார்க் பந்தயத் திடலைக் கடந்தோம். பிறகு சிலேத்தார் சாலையில் வடக்கே போகப் போக, இருபுறமும் அன்னாசித் தோட்டங்கள், கம்பங்களில் ஏறிய மிளகுக் கொடிகள், செம்மண் ஈரத்தின் வாசம். சாலை முடியும் இடத்தில் கடலோரத் தென்னந்தோப்பில் தங்கினோம். மறுநாள் அதே சாலையில் சிறிது தூரம் திரும்பி வந்து, மண்டாய்ச் சாலையில் குறுக்கே திரும்பிக் கிராஞ்சிச் சாலையை அடைய வேண்டும்.

மறுநாள் காலை என் குறிப்புகள் எழுதி முடியவில்லை. "உவர் நேரத்தை எழுதி முடிக்கிறதுக்கிடையிலை நேரம் முடிஞ்சுபோம்" என்று கிராணியார் கேலி செய்தார். "நீங்கள் முன்னே போங்கள், பகல் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாம் கட்டையில் சந்திப்போம்" என்று சொல்லி அனுப்பினேன். கட்டை என்பது மைல் கல். இங்கே ஊர்ப் பெயர் தெரியாதவனுக்கும் கட்டைக் கணக்கு தெரியும்.

பதினொன்றரைக்கே பன்னிரண்டாம் கட்டையில் போய் நின்றேன். யாரும் இல்லை. 12.00, வரவில்லை. 12.40, வரவில்லை. 1.15, வரவில்லை. அதற்குக் கீழே 'பொறுப்பற்றவர்கள்' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். பிறகுதான் மழை பிடித்துக்கொண்டது. சட்டைப்பைக்குள் சீசா கனத்தது. கிராணியாருக்குப் பன்னிரண்டு மணி வேளை தப்பிவிட்டது. முன்னே போய்த் தேடலாம் என்றால், நான் போன பிறகு அவர்கள் இங்கே வந்துவிட்டால் என்ன செய்வது?

இரண்டு மணிக்கு மேல், முட்டிவரை சேற்றோடு, கொட்டும் மழையில் காக்கா வந்தார். நான் கடிகாரத்தை நீட்டிக் காட்டப் போனேன்.

"கட்டை சரிதான் தம்பி. ரோடுதான் வேற."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நகரத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு பன்னிரண்டாம் கட்டை உண்டு. நான் சிலேத்தார் சாலையில் நிற்கிறேன். அவர்கள் மண்டாயைக் கடந்து கிராஞ்சிச் சாலையில் நின்றிருக்கிறார்கள்.

"நான் இங்கேதான் நிற்பேன் என்று எப்படித் தெரியும், காக்கா?"

"எழுதினதை விட்டு நீங்க நகர மாட்டீங்களே! வாங்க, கிராணியாருக்கு நடுக்கம் கண்டுருச்சு."

அந்தச் சேற்றுப் பாதையில் நான் மிதித்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் மிதித்ததில்லை. கிராணியார் கிராஞ்சிச் சாலைக் கட்டையருகே ஒரு சீனர் கடையின் பலகையில், கோணிப்பைகளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். மருந்து உள்ளே போய், மாலையில் வேர்த்து, கண் திறந்தார். "ஓய், உம்மட கொப்பியிலை கட்டை இருக்கு, றோட்டைக் காணேல்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மழை விட்டிருந்தது. காக்கா என் குறிப்பேட்டை வாங்கி, "இன்னைக்கு நான் எழுதுறேன்" என்று அரபுத் தமிழில் ஒரு வரி எழுதினார். தமிழையே அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் அவர்களுடையது. என்ன எழுதினார் என்று கேட்டேன். "உங்க தப்பத்தான்" என்று சிரித்தார். அதை நம்பிவிட்டேன். அதனாலேயே அந்த வரியை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை.

ஆண்டுகள் பல போய்விட்டன. கிராணியார் நல்லபடியாக ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். இன்று மோட்டார் வண்டியில் கிராஞ்சிக்குக் காலையில் போய் உணவு வேளைக்குள் திரும்பிவிடுகிறார்கள். காக்கா இப்போது இல்லை. சென்ற வாரம் கடைக்குப் போய் அவர் மகனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல வாசித்தார்:

"தம்பி கிடைச்சிட்டார். மழையில தனியா என்ன ஆனாரோன்னு பயந்துட்டேன். அல்ஹம்துலில்லாஹ்."

மருந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தப்பைப் பற்றியும் இல்லை. என் வசைகளை மழை கழுவிய பக்கத்தில் அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. வீட்டுக்கு வந்து, அந்த வரியின் கீழே அதைத் தமிழ் எழுத்தில் படியெடுத்தேன். காக்கா அதை எழுதிய இடத்தையும் இம்முறை விடாமல் சேர்த்தேன்: கிராஞ்சிச் சாலை, பன்னிரண்டாம் கட்டை.