மிளகாய்ப் பாத்திக்கு வரப்போகும் பலகை

கல்வீடு கட்டினேன். கடல் வந்து அதைக் கொண்டு போனபிறகு அதே அத்திவாரத்தில் மறுகா ஒன்று கட்டினேன். மேசனுக்குக் கல் சுமந்தவன், சொந்தமாகச் சீமெந்துக் கல் போடும் கொட்டிலுக்கு முதலாளியானேன். பெண் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைத்தேன். நாவற்குடாவின் வெறும் மணலில் கத்தரியும் பயற்றங்கொடியும் காய்க்க வைத்தேன். படித்தது மூன்றாம் வகுப்பு. பெருமை பேசுகிறான் என்பார்கள். வேறு யார் பேசுவது?

இப்போது முழங்கால் இரண்டும் ஏலாது. என்றாலும் சனிக்கிழமைகளில் வீட்டுத்தோட்டம் சொல்லிக் கொடுக்கும் ஊர்க் குழுவோடு வீடுவீடாகப் போகிறேன். ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர்தான் தலைவி. சம்பளம் கிடையாது. போகிற வளவில் தேத்தண்ணி தருவார்கள், அதுவும் சீனி கூடிப்போய்.

எங்கள் மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. அதற்கு நான் கண்ட வழி: முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, காய்ந்த தேங்காய் மட்டைகளைக் குழிவு மேலே பார்க்க அடுக்கி, மாட்டெருவும் மண்ணும் போட்டு நடுவது. மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

வாவிக்கரைப் பக்கம் ஒரு பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். புருசன் கத்தாரில். வளவில் காய்ப்பதை விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும். அடுத்த தடவை போனபோது வாசல் படலையிலேயே நின்றாள்.

"மிளகாயெல்லாம் கருகிற்று மாமா. நீங்க சொன்ன மாதிரித்தானே போட்டன்."

"மட்டை எங்க எடுத்த புள்ள?"

"வாவியில கயிறு திரிக்கிற ஆக்கள் ஊறப் போட்டு உட்டுட்டுப் போனது. நல்ல மெத்தெண்டு இரிந்திச்சி. சும்மாதானே கிடந்தது மாமா."

"கருவாட்டுக்கு மேல மிளகாய் நட்டிருக்காய்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கடல்நீர் ஏறும் வாவியில் மாதக்கணக்காக உப்பைக் குடித்த மட்டை அது. காய்ந்த மட்டை என்று நான் சொன்னது அவளுக்கும் தெரியும்.

ஆனால் குழுக் கூட்டத்தில் ரீச்சர் சொன்னது வேறு. "அண்ணன்ட குழி இந்த மண்ணுக்குச் சரிவராது. இனி ஒருத்தருக்கும் சொல்ல வேணாம்."

அன்றிலிருந்து என் முறைக்கு 'அண்ணன்ட குழி' என்றே பெயர். தேத்தண்ணிக் கடையில் ஒருவன் கேட்டான், "அண்ணன்ட குழியில ஆளையும் நடலாமோ?"

அடுத்த நாளே அவளின் மிளகாய்ப் பாத்திக்குப் போனேன். உப்பு மட்டைகளை அள்ளி வெளியே போட்டேன். அந்தப் பிள்ளையின் கிணறும் லேசான உவர், செடி தாங்கினாலும் உப்புக் கழுவ உதவாது என்பதால், என் கிணற்றின் நல்ல தண்ணீரைப் பரல் பீப்பாய்களில் நிரப்பி லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் கொண்டு போய், மண்ணிலிருந்த உப்புக் கரைந்து கீழே போகும்வரை ஊற்றினேன். பிறகு என் வளவில் காய்ந்த மட்டையை அடுக்கி அவளோடு சேர்ந்து புதுக் கன்று நட்டேன். குழுவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

இப்போது அந்த மிளகாய் கிளை முறியக் காய்த்திருக்கிறது. அவள் காலையில் பை நிறையப் பிடுங்கிச் சந்தைக்குக் கொண்டு போகிறாள். பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அவளின் வாசலில் குழுக்காரர் 'மாதிரி வீட்டுத்தோட்டம், எமது குழுவின் வழிகாட்டலில்' என்று பலகை வைக்கப் போகிறார்களாம்.

ரீச்சரிடம் போனேன். "இதுல எண்ட பேர் எங்க?"

"எல்லாரும் சேந்துதானே செய்தம் அண்ணன். ஒராளுட பேரப் போட்டா மத்தாக்கள் கோவிப்பாங்க."

"கருகினப்ப மட்டும் அது அண்ணன்ட குழி. காய்ச்சாப் பிறகு குழுவிட குழியா ரீச்சர்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். 

எனக்குக் களைத்துப் போயிற்று. சண்டை பிடிக்கவும் ஏலாது. பலகைக்கு இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை என்று கேள்வி. குழுவிலுள்ள எல்லாருக்கும் சொல்கிறேன்: குழுவின் பெயருக்கு மேலே என் பெயரைப் போடுங்கள். மேலே ஏலாதென்றால் கீழே போடுங்கள். ஆனால் போடுங்கள்.